தினம் ஒருமுறை சிவப்புக் கோட்டைத் தொடலாமா? – ரோட்டரி இன்ஜினின் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு இன்ஜினில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். இந்தக் கதையில் பாதி கணக்கு வழக்குதான்.

எங்கள் காரைக்குடி செக்காலை ரோட்டில் வயதான பைக் மெக்கானிக் யாரிடமாவது ஆர்எக்ஸ்100 பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "மெதுவாவே ஓட்டிக்கிட்டு இருந்தா கரி புடிச்சுரும் தம்பி, அப்பப்ப நல்லா முறுக்கி ஓட்டணும்" என்பார். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி அது. டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். எரிந்த ஆயில் சைலன்சரில் கரியாகப் படியும். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டி எடுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

இதே பேச்சு உலகம் முழுக்க ரோட்டரி கார் வைத்திருப்பவர்களிடமும் உண்டு. தினம் ஒருமுறை ஆர்பிஎம் முள்ளைச் சிவப்புக் கோடு வரை கொண்டுபோனால் இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும் என்பார்கள். மலேசியாவில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் ஒரு பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா என்று யோசிக்கிறார். விற்கிறவர் சொன்ன முதல் அறிவுரையே இதுதானாம். அண்ணனின் இரண்டு வருடச் சேமிப்பு இதில் போகப் போகிறது. அதனால்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். (நமக்கு மஸ்தா என்றால் ஸ்வராஜ் மஸ்தா வேன்தான் ஞாபகம் வரும். அது டீசல், அந்த வம்பு இதில் இல்லை.)

முதலில் இந்த இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். ரோட்டரியில் பிஸ்டனே கிடையாது. பக்கங்கள் கொஞ்சம் உப்பிய முக்கோணம் ஒன்று, நடுவில் லேசாக இடுங்கிய முட்டை மாதிரியான கூட்டுக்குள் சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டையாக ஒரு சீல். வாயு ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கசியாமல் தடுப்பது இந்த மூன்று சீல்கள்தான். அவை கூட்டின் சுவரை ஓயாமல் உரசிக்கொண்டே போகவேண்டும். அந்த உரசலுக்காக எரியும் அறைக்குள்ளேயே கொஞ்சம் ஆயிலைச் செலுத்துகிறார்கள். ஆக நம்ம ஆர்எக்ஸ்100 மாதிரியே இதுவும் ஆயில் குடிக்கும், இதற்கும் கரி பிடிக்கும். இன்னொரு விஷயம், மீட்டரில் 9000 என்று காட்டும்போது முக்கோணம் சுற்றுவது நிமிடத்துக்கு 3000 தடவைதான். வெளியே ஓடுவது நடுத்தண்டின் கணக்கு. முள் காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்று ரோட்டரி ரசிகர்கள் சொல்வதில் இவ்வளவு நியாயம் உண்டு.

இனி வரலாறு. ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் யோசனை இது. என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-ல் முதல் மாதிரி ஓடியது. பத்து வருடம் கழித்து, 1967-ல், என்எஸ்யூ ரோ 80 என்ற அழகான கார் வந்தது. ஐரோப்பாவின் 1968-ம் ஆண்டின் சிறந்த கார் என்ற விருதும் வாங்கியது. அதோடு சரி, பிடித்தது சனி. முனை சீல்கள் தேய்ந்து, வாரன்டியில் இன்ஜின் மேல் இன்ஜினாக மாற்றிக் கொடுத்தார்கள். ரோ 80 ஓட்டுபவர்கள் எதிரெதிரே வந்தால், எத்தனை இன்ஜின் மாற்றியாயிற்று என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்களாம். இது கதையாகவே இருக்கலாம், ஆனால் கதை பரவியது சும்மா இல்லை.

ஏன் தேய்ந்தன? இரண்டு பக்கமும் காரணம் உண்டு. இன்ஜின் அதிர்வே இல்லாமல் ஓடியதால், எல்லையைத் தாண்டி முறுக்குவதே ஓட்டுபவருக்குத் தெரியவில்லை. மறுபக்கம், கடைக்குப் போய்வர என்று சின்னச் சின்ன தூரம், இன்ஜின் சூடேறுமுன்னே நிறுத்துவது, மறுபடி கிளப்புவது. இதுவும் சீலைத் தின்றது. முறுக்கினாலும் வம்பு, முறுக்காவிட்டாலும் வம்பு!

இங்கேதான் என் பாடம் வருகிறது. விற்ற வண்டிக்கு எதிர்காலத்தில் எவ்வளவு வாரன்டி செலவு வரும் என்று கணித்து முன்கூட்டியே ஒதுக்கி வைக்கவேண்டும். விற்பனை பற்றுவரவில் ஜொலிக்கும், ஓட்டை ஐந்தொகையில்தான் தெரியும் என்பது செட்டிநாட்டுப் பெட்டியடிகளில் கணக்கு எழுதியவர்களுக்குப் புதிதல்ல. என்எஸ்யூ 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போய், ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டது. ரோ 80 மட்டும் 1977 வரை தொடர்ந்து, மொத்தம் 37,000-க்குச் சற்று மேல் விற்றது. ஒரு விரல் நீளப் பட்டை ஒரு கம்பெனியையே சாய்ப்பதில் பெரும்பங்கு வகித்தது.

அதே சீலை ஜப்பானில் மஸ்தா வேறு மாதிரி அணுகியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள். கூட்டின் உட்சுவரில் அலை அலையாக விழுந்த கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. சீல் வழுக்கிப் போகாமல் தடதடவென்று அதிர்வதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்த சீல் செய்தார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 84 மணிநேரப் போட்டிக்கு இரண்டு காஸ்மோவை அனுப்பினார்கள். ஒன்று 82-வது மணியில் பின் அச்சு பழுதாகி நின்றது. கவனிக்கவும், இன்ஜின் அல்ல. மற்றது நான்காவதாக வந்தது.

முறுக்குவதே நல்லது என்பவர்கள் கடைசியாக எடுத்து வீசும் அஸ்திரம் 1991 லெ மான்ஸ். மஸ்தா 787பி, நான்கு முக்கோணம், சுமார் 700 குதிரைத்திறன். 24 மணிநேரத்தில் 362 சுற்று ஓடி முதலிடம். (கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் நீரிழப்பில் மயங்கி, பரிசு மேடைக்கே வரமுடியவில்லை.) பின்னர் பிரித்துப் பார்த்தபோது இன்ஜின் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த இன்ஜின் 10,000-ஐயும் தாண்டிச் சுற்றக்கூடியது. நீண்ட போட்டி என்பதால் 9000-த்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஜெயித்த வண்டியே தன் எல்லைக்குள் அடங்கி ஓடிய வண்டி! தவிர, அதன் சீல் செராமிக். 24 மணிநேரமும் இன்ஜின் சூடாகவே இருந்தது. பால் வாங்கப் போய் நிறுத்தும் காரோடு அதை ஒப்பிடமுடியுமா?

இப்போது அண்ணன் வாங்க நினைக்கும் ஆர்எக்ஸ்-8. 2003-ல் வந்தது, 2012-ல் நின்றது. இதிலும் கரி, ஸ்பார்க் பிளக் நனைவது, கம்ப்ரஷன் குறைவது என்று புகார்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2008 மாடல் வரை இன்ஜினுக்கு மட்டும் வாரன்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று மஸ்தா நீட்டித்தது. பிறகு 2009 மாடலில் என்ன மாற்றினார்கள் தெரியுமா? கூட்டுக்குள் ஆயில் விடும் துளைகளை இரண்டிலிருந்து மூன்றாக்கி, ஆயில் பம்பையும் மாற்றினார்கள். செய்தவனே கண்ட மருந்து ஆயில்தான். நம் கேள்விக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

முறுக்குவதால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. வேகம் கூடும்போது ஆயிலும் கூடுதலாக வரும். சூட்டில் இளகிய கரி எரிந்து வெளியேறும், பள்ளத்தில் ஒட்டிய சீல் அசைந்து கொடுக்கும். ஆனால் இன்ஜின் முழுதாகச் சூடேறியிருக்கவேண்டும், வண்டி கியரில் ரோட்டில் ஓடவேண்டும். காலையில் கிளப்பியதும் வாசலில் நிறுத்தி உறுமவிடுவது மருந்தல்ல, விஷம். அலுமினியக் கூடும் இரும்புப் பக்கச்சுவரும் ஒரே அளவில் விரிவதில்லை, கெட்டியான ஆயில் போய்ச் சேருவதும் இல்லை. ஏற்கெனவே தேய்ந்த சீலை எவ்வளவு முறுக்கினாலும் வளர்க்கமுடியாது. அண்ணனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று கேளுங்கள், முறுக்குவதை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதில் நம்ம ஊருக்கும் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. கூட்டின் உட்சுவர் தேயாமலிருக்க அதன்மேல் கடினமான உலோக முலாம் பூசுவார்கள். மஸ்தா பூசியது குரோமியம், என்எஸ்யூ பூசியது நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு. நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்துக்கு இந்தியாவிலேயே செய்த 55 குதிரைத்திறன் வாங்கெல் இன்ஜின் 2009-ல் கோலார் அருகே பறந்தது. அதை உருவாக்கியதில் பெங்களூரு என்ஏஎல்லுக்கும் பங்கு உண்டு. மின்முலாம் பூசுவதையே ஒரு முக்கியத் துறையாக வைத்திருக்கும் காரைக்குடி சிக்ரி, என்ஏஎல்லின் சகோதர நிறுவனம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953-ல் திறந்த அதே சிக்ரிதான். தினமும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிற எத்தனை பேருக்கு உள்ளே முலாம் பூசுவதில் இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது என்று தெரியும்?

மஸ்தா 2023-ல் ரோட்டரியை மறுபடி கொண்டுவந்தது, எம்எக்ஸ்-30 என்ற காரில். ஒற்றை முக்கோணம், 830 சிசி. ஆனால் அது சக்கரத்தைச் சுற்றுவதில்லை, பேட்டரிக்குக் கரண்ட் எடுத்துக் கொடுப்பதோடு சரி. எப்போது ஓடவேண்டும், எவ்வளவு வேகத்தில் சுற்றவேண்டும் என்பதை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. அந்தக் காரில் முறுக்குவதற்கு ஓட்டுபவருக்கு வழியே வைக்கவில்லை :-)