பீட்டு நிலமும் பொறிப்பயிரும்

மூடுபயிர் என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது, ரப்பர்த் தோட்டத்தில் இளமரங்களுக்கிடையே படரும் அவரையினக் கொடியே. அது மண்ணரிப்பைத் தடுக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணிற் சேர்க்கும். அவரையினம் இவ்வாறு செய்வதை 1886இல் அறிவித்த ஹெல்ரீகல், ஜெர்மனியில் பீட்டுப் பயிரை ஆராய்வதற்காக ஏற்பட்ட பெர்ன்பர்க் நிலையத்தில் பணிபுரிந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. அந்தப் பீட்டு நிலங்களிலோ இடைப்பயிருக்கு மற்றொரு வேலையும் வாய்த்தது. பகைவனை விருந்துக்கழைத்துக் கொல்லும் வேலை அது.

சர்க்கரை பீட், நாம் கறி சமைக்கும் செங்கிழங்கின் உடன்பிறப்பு; நிறம் வெண்மை. அதிலுள்ள சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றே என 1747இல் பெர்லினில் மார்க்கிராப் கண்டார். அவர் மாணவர் அஷார்ட் சைலீசியாவில் நிறுவிய ஆலை 1802இல் வேலை தொடங்கிற்று. 1806இல் நெப்போலியன் விதித்த வாணிகத் தடையால் கரும்புச் சர்க்கரை வரத்துக் குன்றவே, பீட்டின் மதிப்பு ஏறியது. நாளடைவில் ஆலையைச் சூழ்ந்த நிலங்களில் ஓய்வின்றிப் பீட்டையே விதைக்கலாயினர்.

அந்நூற்றாண்டின் நடுவில் விளைச்சல் சரிந்தது. செடிகள் நண்பகலில் வாடித் துவண்டன, கிழங்கு சிறுத்தது, பக்கவேர்கள் தாடிபோல் அடர்ந்தன. உழவர் இதனைப் 'பீட்டுச் சோர்வு' என்றனர். மண்ணிற் சத்துக் குறைந்துவிட்டது என்றனர் வேதியியலார். உரமிட்டும் பயனில்லை; ஆலைகள் சில மூடப்பட்டன. 1859இல் ஷாக்ட் என்னும் தாவரவியலார் வேர்களில் நூற்புழுவைக் கண்டார். பெண்புழு இறந்தபின் அதன் உடலே கெட்டியான கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல ஆண்டுகள் காக்கும். சோர்வுக்குக் காரணம் இப்புழுவே என நிலைநாட்டியவர் ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர் யூலியஸ் கியூன்.

இப்புழு கடுகுக் குடும்பத்தையும் நாடும். கியூன் அதனையே பொறியாக்கினார். கடுகினத்து எண்ணெய்ச்செடி ஒன்றை நெருக்கமாக விதைத்தார். வேர்க்கசிவு பட்டதும் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் வேருக்குட் புகும். புகுந்தவை பருத்து, நகரும் ஆற்றலை இழக்கும். அவை இனம் பெருக்குமுன், ஏறக்குறைய ஒரு திங்களுக்குள், செடியை அழித்துவிட வேண்டும். ஒரே கோடையில் இவ்வாறு மூன்று நான்கு முறை! சில நாள் தாமதித்தாலும் பொறியே புழுப்பண்ணையாகிவிடும். அவ்வாண்டு நிலத்தில் வேறு வருவாயும் இராது. ஆகவே இம்முறை பரவவில்லை. தானியங்களை மாற்றி விதைத்து, சில ஆண்டுகளுக்கொருமுறை மட்டும் பீட்டைப் பயிரிடுவதே உழவர்க்கு எளிதாயிற்று. இதனைக் கியூனின் தோல்வி எனக் கூற என் மனம் ஒப்பவில்லை. கருத்துச் சரியானதே, அதற்கேற்ற செடிதான் அன்று இல்லை.

அச்செடி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயிற்று. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் புழுவை எதிர்க்கும் வெண்கடுகு, எண்ணெய் முள்ளங்கி வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். இவற்றின் வேரும் முட்டையைப் பொரிக்கச் செய்யும். ஆனால் உட்புகுந்த பெண்குஞ்சு முதிர்வதற்குரிய உணவைத் தராது. நாளெண்ணிச் செடியை அழிக்கும் கவலை ஒழிந்தது. கோதுமை அறுவடையானதும் விதைத்தால், மழையில் கரைந்தோடும் நைட்ரேட்டையும் வேர்கள் பற்றிக்கொள்ளும். உறைபனியில் கடுகு மடியும். அந்தச் சருகினூடே இளவேனிலில் பீட்டு விதை விழும். விதைப்பு மட்டும் ஆகஸ்டைத் தாண்டலாகாது. மண் குளிர்ந்துவிட்டால் முட்டைகள் பொரியாமல் கூட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.