முதுமையடையும் அணுவுலைகளும் தவறவிடப்படும் பரிசோதனைகளும்

ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்திலுள்ள மிஹாமா அணுமின் நிலையத்தில் 2004 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9 ஆம் திகதி குழாயொன்று வெடித்ததில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மேலும் அறுவர் காயமடைந்தனர். கதிரியக்கக் கசிவு எதுவும் ஏற்படவில்லை. எனினும், பழைமையடைந்துவரும் அணுமின் நிலையங்களின் பாதுகாப்புப் பற்றிப் பேசுவோர் எவரும் இவ்விபத்தினை மறந்துவிட முடியாது.

வெடித்தது அணுவுலையல்ல, மூன்றாம் இலக்க உலையின் சுழலிக் கட்டடத்தில் சுடுநீரைக் கொண்டுசென்ற குழாயாகும். அந்த உலை 1976 இல் சேவைக்கு வந்தபோது குழாயின் சுவர் 10 மில்லிமீற்றர் தடிப்புடையதாக இருந்தது. விரைந்தோடும் நீர் அதனை உட்புறமாக அரித்து, சில இடங்களில் 1.5 மில்லிமீற்றருக்கும் குறைவாக்கியிருந்தது. அக்குழாய்ப் பகுதியின் பெயர் பரிசோதனைப் பட்டியலிலேயே இடம்பெறாததால், 27 ஆண்டுகளுக்கும் மேலாக எவரும் அதன் தடிப்பை அளந்திருக்கவில்லை. இத்தவறு 2003 இல் தெரியவந்தபோதும், அடுத்த ஓகஸ்ட் மாதப் பராமரிப்புக் காலம் வரை பரிசோதனை ஒத்திவைக்கப்பட்டது. அப்பராமரிப்புக்கான முன்னேற்பாடுகளைச் செய்யச் சென்றிருந்த தொழிலாளர்களே கொதிநீராவிக்குப் பலியாகினர்.

அணுமின் நிலையத்தின் உறுப்புகள் யாவும் ஒரேவிதமாக முதுமையடைவதில்லை. குழாய்களையும் நீராவிப் பிறப்பாக்கிகளையும் மாற்றிவிடலாம். கம்பிவடங்களின் காப்புறைகள் வெப்பத்தினாலும் கதிரியக்கத்தினாலும் நலிவடைகின்றன, அவற்றையும் மாற்றலாம். ஆனால், உலையின் எரிபொருளைத் தாங்கிநிற்கும் உருக்குக் கலனை மாற்றுவது நடைமுறையில் சாத்தியமன்று. நியூத்திரன்களின் இடையறாத தாக்கத்தால் அவ்வுருக்கு படிப்படியாக நொறுங்குந்தன்மையை அடைகின்றது. எனவேதான் அதே உருக்கின் மாதிரித் துண்டுகள் கலனினுள்ளே வைக்கப்பட்டு, குறித்த காலங்களில் வெளியே எடுத்துச் சோதிக்கப்படுகின்றன.

அறிவியலிடம் வழிமுறை இருந்தாலும் அதனைப் பயன்படுத்தும் மனவுறுதி வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்தை 2001 ஆம் ஆண்டு முடிவதற்குள் நிறுத்திப் பரிசோதிக்க வேண்டுமென ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கருதியது. நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் வேண்டுகோளின் பேரில் அது 2002 பெப்ரவரி நடுப்பகுதி வரை பிற்போடப்பட்டது. மார்ச் மாதம் வெளியான உண்மை அதிர்ச்சியளித்தது. கசிந்த போரிக் அமிலம் கலன் மூடியின் ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் உருக்கை அரித்துத் தின்றிருந்தது. எஞ்சியிருந்தது ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவான உட்படலம் மாத்திரமே! நிறுவனத்தின் நிதிச்சுமையைக் குறைக்கும் எண்ணமே இந்தக் கால அவகாசத்திற்குப் பெருமளவில் காரணமென, ஆணைக்குழுவின் உள்ளகக் கண்காணிப்பாளரே பின்னர் அறிக்கையிட்டார்.

இன்று அமெரிக்காவில் சில உலைகளுக்கு 80 ஆண்டுகள் வரை இயங்க அனுமதி வழங்கப்பட்டுள்ளது. புகுஷிமா அனர்த்தத்தின் பின்னர் 2012 இல் 40 ஆண்டு வரம்பையும், ஒருமுறை மாத்திரம் 20 ஆண்டு நீடிப்பையும் சட்டமாக்கிய ஜப்பான், 2023 இல் அதனைத் தளர்த்தியது. அதே மிஹாமா மூன்றாம் உலை, 40 ஆண்டுகளைக் கடந்த நிலையில் 2021 இல் மீண்டும் இயக்கப்பட்டது.

வயதை மட்டும் காரணங்காட்டி ஒரு நிலையத்தை மூடிவிட வேண்டுமென நாம் வாதிடவில்லை. ஆனால், பட்டியலில் விடுபட்டது எதுவெனத் தேடுவதும், ஐயம் எழுந்தவுடன் உலையை நிறுத்துவதும் தவிர்க்கமுடியாத கடமைகளாகும். பரிசோதனைக்கான திகதியை மின்விற்பனையின் வருமானம் தீர்மானிக்குமாயின், அதற்கான விலையை முதலில் செலுத்துபவர்கள் அங்கு பணிபுரியும் தொழிலாளர்களே என்பதை உரியவர்கள் உணர்ந்துகொள்ள வேண்டும்.