பிளாஸ்டிக் துப்பாக்கிக்கு செராமிக் சட்டை

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் சுட்ட ஒரே துப்பாக்கி தீபாவளிக்கு வாங்கின ரோல் கேப் துப்பாக்கிதான். அதனால இது பெயிண்ட் கதை மட்டும்.

துப்பாக்கிக்கு மேல்பூச்சு வந்ததே துருவுக்குப் பயந்துதான். கை வேர்வை பட்டாலே இரும்பு துருப்பிடிக்கும். அதுக்கு அந்தக் காலத்து ஆளுங்க செஞ்ச வைத்தியம், இரும்பை அளவா, பக்குவமா அவங்களே துருப்பிடிக்க வைக்கறது! அப்படி உண்டாகிற கருநீலப் படலத்துக்குப் பேரு புளூயிங். பிறகு உலகப்போர் காலத்துல சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சு. ரெண்டுமே உலோகத்தோட வேதிவினை செஞ்சு உண்டாகிறவை. பிளாஸ்டிக்ல பாச்சா பலிக்காது.

1959ல ரெமிங்டன் நிறுவனம் நைலான் 66ன்னு ஒரு ரைஃபிள் கொண்டு வந்துச்சு. மரக்கட்டை இருக்கவேண்டிய இடத்துல டூபாண்ட் நைலான். பழுப்பு, பச்சை, கருப்புன்னு நிறத்தை நைலான்லயே கலந்துட்டாங்க. 10 லட்சத்துக்கு மேல வித்துச்சு. 1982ல ஆஸ்திரிய ராணுவம் பிளாஸ்டிக் உடம்பு கொண்ட க்ளாக் 17 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. துருவே பிடிக்காத பொருள். பூச்சுக்காரங்க கடையை மூட வேண்டியதுதானேன்னு தோணும்.

மூடலை. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துலேர்ந்து செராகோட் வந்துச்சு. செராமிக்னதும் ஊறுகாய் ஜாடியை நினைச்சுக்காதீங்க. பிசின்ல செராமிக் துகள் கலந்து ஸ்ப்ரே பண்றது, கனம் சுமார் 25 மைக்ரான். எஃகு பாகத்தை 120 டிகிரி செல்சியஸ்ல 2 மணி நேரம் அடுப்புல வைப்பாங்க. அந்தச் சூட்டுல பிளாஸ்டிக் கோணிக்கலாம். அதனால அதுக்குக் குறைஞ்ச சூடு, இல்லேன்னா காத்துலயே இறுகற ரகம். வழுவழு பிளாஸ்டிக்ல பெயிண்ட் நிக்காதுங்கறதால முதல்ல நுண்துகளை வேகமா அடிச்சு சொரசொரப்பாக்கணும். இவ்வளவு பாடும் எதுக்கு? கீறல் விழாம இருக்க, முக்கியமா கலருக்கு. ரோஸ், ஆகாய நீலம், எது வேணும்னாலும்.

எனக்கு உறுத்தறது இங்கதான். பொம்மைத் துப்பாக்கி முனையில ஆரஞ்சு நிறம் இருக்கணும்னு அமெரிக்காவுல 1988லயே சட்டம் போட்டாங்க. நிஜத் துப்பாக்கி பொம்மை மாதிரி இருக்கக்கூடாதுன்னு நாடு முழுக்க ஒரு சட்டம் வரலை. நியூயார்க் நகரம் 2006ல பொம்மைக் கலர் அடிக்கறதுக்குத் தடை போட்டுச்சு. மேயர் புளூம்பெர்க். உடனே விஸ்கான்சின்ல ஒரு துப்பாக்கி பெயிண்ட் கம்பெனி (இவங்களது செராமிக் இல்லை) பளிச் நிறங்களுக்கு 'புளூம்பெர்க் கலெக்‌ஷன்'னு பேர் வெச்சு வித்துச்சு. குசும்பு!

ஆனா சிரிக்க முடியலை. 2014 நவம்பர்ல க்ளீவ்லாந்துல டமீர் ரைஸ்ங்கற 12 வயசுப் பையன் கையில இருந்தது பொம்மை பிஸ்டல். ஆரஞ்சு முனை கழண்டு போயிருந்துச்சு. போலீஸ் வண்டி வந்து நின்ன சில நொடியில சுட்டுட்டாங்க. மறுநாள் இறந்துட்டான்.

செராகோட் கலர் கார்டுல ஆரஞ்சும் இருக்கு.