ஆலைகளின் ஊரிலிருந்து அங்காடிகளின் ஊருக்கு: பம்பாய் கிரண்காவ் பகுதியின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

நகரமொன்றின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கோவில்களிலும் தேடுவது நெடுநாளைய மரபு. கைத்தொழில் யுகம் தோற்றுவித்த நகரங்களைப் பொறுத்தவரையில் இம்மரபு போதுமானதன்று. அவற்றின் வரலாறு ஆலைமதில்களிலும், தொழிலாளர் குடியிருப்புகளிலும், அவர்கள் உணவருந்திய கூடங்களிலும் பொதிந்து கிடக்கின்றது. 1995இல் மும்பை எனப் பெயர் மாற்றம் பெற்ற பம்பாயின் கிரண்காவ் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கிரண்காவ் என்னும் மராத்திச் சொல்லுக்கு ஆலைகளின் ஊர் என்பது பொருள். பரேல், லால்பாக், வொர்லி முதலிய இடங்களை உள்ளடக்கிய இப்பகுதி இன்று அங்காடிகளுக்கும் உணவகங்களுக்கும் களியாட்ட மண்டபங்களுக்கும் பெயர் பெற்றது. லோவர் பரேலில் 1905இல் நிறுவப்பட்ட பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கி, இப்போது பெரும் விற்பனை வளாகமொன்றின் நடுவே நிற்கின்றது.

இம்மாற்றத்தைக் காலத்தின் இயல்பான போக்கு எனக் கொள்வாருளர். பழைய தொழில் நலிந்தது. புதிய தொழில் அவ்விடத்தை நிரப்பியது என்பது அவர்தம் வாதம். இது பாதி உண்மையே. ஆலைகள் நலிந்தமைக்குப் பொருளாதாரக் காரணங்கள் உள. ஆனால் ஆலை நின்ற நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானித்தது பொருளாதார விதியன்று, சட்ட விதியேயாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆலைகளின் தோற்றம்

கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் 1854இல் பம்பாயின் முதலாவது நூற்பாலைக்கு அடிகோலினார். தாட்தேவ் என்னுமிடத்தில் அமைந்த அவ்வாலை 1856இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போர் பம்பாயின் பருத்தி வணிகருக்குப் பெருஞ் செல்வத்தை ஈட்டிக் கொடுத்தது. போரின் முடிவோடு அச்செல்வத்தின் பெரும்பகுதி கரைந்ததெனினும், பின்வந்த பதிற்றாண்டுகளில் ஆலைகள் பெருகின. சீனச் சந்தைக்கு நூல் அனுப்பும் பெருநிலையமாகப் பம்பாய் வளர்ந்தது.

ஆலைகளுக்கு வேண்டிய உழைப்பைக் கொங்கணக் கரையின் இரத்தினகிரி மாவட்டமும், மலைத்தொடருக்கு அப்பாலுள்ள சாத்தாரா முதலிய மாவட்டங்களும் வழங்கின. கிராமத்தில் நிலமும் குடும்பமும், நகரத்தில் கூலியும் என்ற இரட்டை வாழ்க்கை தொழிலாளருக்கு வாய்த்தது. ஆட்களைச் சேர்த்தவர், வேலை வாங்கியவர், கடன் கொடுத்தவர் ஆகிய மூன்று பாத்திரங்களையும் ஜாபர் என அழைக்கப்பட்ட இடையாளே வகித்தார். இலங்கைத் தோட்டங்களின் கங்காணியை அறிந்தோருக்கு இவரை அடையாளங் காண்பதில் இடர்ப்பாடு இராது. நிரந்தர வேலையின்றி, நாள்தோறும் ஆலை வாயிலில் காத்து நின்று, வராதவருக்குப் பதிலாக அமர்த்தப்பட்ட பத்லித் தொழிலாளர் பல்லாயிரவர்.

உறையுளும் உணவும் ஓய்வும்

சால் எனப்பட்ட மாடிக் குடியிருப்புகளில், நீண்ட நடையோரமாக அமைந்த ஒற்றையறைகளில் இவர்கள் வாழ்ந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர் பலர் ஓர் அறையை முறைவைத்துப் பகிர்ந்து கொண்டனர். பகல் முறைக்குச் சென்றவர் எழுந்த இடத்தில் இரவு முறை முடித்தவர் படுத்தார்.

இவர்களுக்கு உணவளித்தவை கானாவள் எனப்பட்ட இல்லச் சாப்பாட்டுக் கூடங்களாகும். தொழிலாளர் குடும்பப் பெண்களே இவற்றைப் பெரும்பாலும் நடத்தினர். மாதக் கணக்கில் உணவு. சம்பள நாளில் பணம். கடன் கொடுத்தோரிடம் நகையையும் பாத்திரத்தையும் அடகு வைத்து அரிசி வாங்கிய இப்பெண்களை ஒன்று திரட்டி, 1975இல் பிரேமா புராவ் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தை நிறுவினார். வங்கிக் கடன் அப்பெண்களுக்கு எட்டியது இதன் வாயிலாகவேயாம். வேலைநிறுத்தக் காலங்களில் தொழிலாளருக்குக் கடனுக்குச் சோறிட்டு, போராட்டத்தை நீடிக்கச் செய்தவையும் இக்கூடங்களே. எனவே கிரண்காவில் உணவுக்கூடமென்பது வணிக நிலையமாக மட்டுமன்றி வர்க்க ஒருமைப்பாட்டின் நிலையமாகவும் விளங்கிற்று.

ஓய்வு நேரமும் தொழிலாளர் தாமே அமைத்துக் கொண்ட ஒன்றாகும். லால்பாக்கின் புகழ்பெற்ற பொதுக் கணபதி விழா 1934இல் தொடங்கியது. அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோர் 1944இல் அமைத்த செங்கொடிக் கலைக்குழு, நாட்டார் கூத்து வடிவங்களைப் போராட்டக் கலையாக மாற்றியது. தெருவில் கண்டெடுக்கப்பட்டு ஆலைத் தொழிலாளி ஒருவரால் வளர்க்கப்பட்ட நாராயண் சுர்வே, மராத்தியின் தலைசிறந்த கவிஞருள் ஒருவரானார்.

எனினும், இவ்வுலகை ஒருமைப்பாட்டின் பொன்னுலகாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், 'தீட்டு' எனக் காரணங் காட்டி, தலித் தொழிலாளர் ஊதியம் மிகுந்த நெசவுப் பகுதியில் விலக்கி வைக்கப்பட்டனர். 1928ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இவ்வநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் நேரடியாக எழுப்பினார். வர்க்கம் சாதியைத் தானாகவே கரைத்துவிடவில்லை என்பதற்குக் கிரண்காவ் சான்றாகும்.

1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்

1946ஆம் ஆண்டின் பம்பாய்க் கைத்தொழில் உறவுச் சட்டம் ஒரு தொழிலுக்கு ஒரே சங்கத்தை மட்டும் பேச்சுவார்த்தைக்கு ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமையைப் பெற்றிருந்த சங்கத்தில் நம்பிக்கை இழந்த தொழிலாளர், டாக்டர் தத்தா சாமந்தின் தலைமையை நாடினர். ஊதிய உயர்வு, பத்லிகளுக்கு நிரந்தர வேலை, மேற்படி சட்டத்தின் நீக்கம் ஆகியன அவர்தம் கோரிக்கைகள். 1982 ஜனவரி 18இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். இவ்வேலைநிறுத்தம் முறைப்படி முடித்து வைக்கப்படவேயில்லை.

ஆலை முதலாளிகள் பணியவில்லை. நகருக்கு வெளியே பிவண்டி போன்ற இடங்களில் குறைந்த கூலியில் இயங்கிய விசைத்தறிகள் துணிச் சந்தையை ஏற்கனவே கைப்பற்றத் தொடங்கியிருந்தன. பல ஆலைகளின் இயந்திரங்களோ பழையவை. 1983இல் பதின்மூன்று ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு பொறுப்பேற்றது. ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கூலியின்றி நின்ற தொழிலாளருள் பல்லாயிரவர் மீண்டும் ஆலைவாயிலை மிதிக்கவில்லை. தத்தா சாமந்த் 1984இல் மக்களவைக்குத் தெரிவானார். 1997 ஜனவரி 16இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிலமும் விதியும்

நெசவின் இலாபம் குறைந்த அதே காலத்தில் ஆலை நின்ற நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. 58 ஆலைகளின் வசம் தீவு நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் இருந்தது. 1991ஆம் ஆண்டின் அபிவிருத்திக் கட்டுப்பாட்டு விதி 58, ஆலை நிலத்தை மீள அபிவிருத்தி செய்வோர் அதனை ஏறத்தாழ மூன்று சம பங்காக்க வேண்டுமென வகுத்தது: ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா முதலிய பொதுத் தேவைகளுக்காக, ஒரு பங்கு பொது வீடமைப்புக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு.

2001இல் இவ்விதி திருத்தப்பட்டது. பங்கிடப்பட வேண்டியது முழு நிலமன்று, கட்டடங்கள் இல்லாத வெற்று நிலம் மட்டுமே என்பது திருத்தத்தின் சாரம். ஆலை நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடங்கள் நின்றமையால் பொதுமக்களுக்கு உரிய பங்கு மிகச் சுருங்கிற்று. சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2005இல் பொதுநலனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை மாற்றித் திருத்தத்தை நிலைநிறுத்தியது. நூறாண்டு உழைப்பு விளைந்த நிலத்தின் உரிமை ஒரு சொற்றொடரின் பொருளில் தங்கியிருந்தது.

இன்றைய கிரண்காவ்

1990களின் இறுதியில் பீனிக்ஸ் வளாகத்தில் பந்துருட்டு விளையாட்டுக் கூடமொன்று திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து விற்பனைக்கூடங்களும் ஆடம்பர விடுதியும் எழுந்தன. ரகுவன்ஷி ஆலை வளாகம் வீட்டலங்காரப் பொருட்களின் சந்தையாயிற்று. கமலா ஆலை வளாகம் அலுவலகங்களாலும் உணவகங்களாலும் நிரம்பிற்று. ஆலையின் கல்மதிலும் உயர்ந்த கூரையும் இவ்விடங்களுக்குக் கவர்ச்சி ஊட்டுகின்றன. கானாவள்களோ தம்மிடம் உண்டவர் வேலையிழந்ததோடு அருகின.

கட்டடங்கள் மாறிய வேகத்தில் வீதியும் பாலமும் மாறவில்லை. 2017 செப்டெம்பர் 29இல் எல்பின்ஸ்ரன் றோட் புகையிரத நிலைய மேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் மாண்டனர். ஆலைக்காலத்து நிலையமொன்று அலுவலகக் காலத்தின் கூட்டத்தைத் தாங்க வேண்டியிருந்தது. சரியாக மூன்று மாதங்களின் பின், டிசெம்பர் 29இல், கமலா ஆலை வளாகத்தின் கூரைமேல் உணவகங்களில் மூண்ட தீ 14 உயிர்களைக் கொண்டது. பொதுத் தேவைக்கான நிலத்தைச் சுருக்கிய நகரம் அதற்கான விலையைப் பிறிதொரு வகையில் செலுத்துகின்றது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

வீடு கோரி விண்ணப்பித்த முன்னாள் தொழிலாளரும் வாரிசுகளும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2012இல் சீட்டுக் குலுக்கல் மூலம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை 7000க்குச் சற்றுக் குறைவான வீடுகளே. அன்று முழுநிலத்தின் மூன்றிலொன்று வீடமைப்புக்குக் கிடைத்திருப்பின் இவ்விகிதம் வேறாக அமைந்திருக்கும்.

பழைய ஆலைகள் அங்காடிகளாவது பம்பாய்க்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. உலகின் பல நகரங்களில் அது நடந்திருக்கின்றது. ஆலை மீண்டும் இயங்க வேண்டும் என்பதும் இங்கு வாதமன்று. மாற்றத்தின் பயனை யார் பெற்றனர், அப்பங்கீட்டை எவ்விதி தீர்மானித்தது என்பனவே வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டிய வினாக்கள். பீனிக்ஸ் புகைபோக்கி இன்று ஓர் அலங்காரப் பொருளாகக் காக்கப்படுகின்றது. அதன் நிழலில் உழைத்தவர் வரலாறு அவ்வாறு காக்கப்படாவிடின், அலங்காரமே வரலாறாகிவிடும்.