பூசலார் எழுப்பிய திருக்கோயில்

தொண்டை நன்னாட்டில், ஆவடிக்கு மேற்கே விளங்கும் திருப்பதி திருநின்றவூர். நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவராகிய பூசலார் தோன்றிய ஊர் இதுவே. சிவபெருமானுக்கு ஆலயம் ஒன்று எடுக்க விழைந்த அப்பெரியார், பொருள் தேடி எங்கும் அலைந்தார், சிறிதும் கிட்டவில்லை. ஆயினும் கொண்ட கருத்தைக் கைவிட்டாரில்லை. வேண்டும் பொருள்களையும் தச்சரையும் நினைவினாலேயே தேடிக்கொண்டு, நன்னாளில் அடிநிலை இட்டு, இரவிலும் கண்துயிலாது விமானம், மதில், கிணறு, திருக்குளம் என ஒவ்வொன்றாக உள்ளத்துள் அமைத்தார். குடமுழுக்கு நாளும் குறித்தார்.

அந்நாளிலேயே காஞ்சியில் காடவர்கோன் பெரும்பொருள் செலவிட்டு எடுத்த கற்றளிக்கும் குடமுழுக்கு நிகழ இருந்தது. முதல்நாள் இரவு இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் எடுத்த ஆலயத்துள் மறுநாள் புகுவதாகவும், அரசன் தன் விழாவைப் பின்னர் வைத்துக்கொள்ளுமாறும் பணித்தருளினான். அரசன் விரைந்து வந்து வினவ, அத்தகைய கோயில் யாதும் இல்லை என்றனர் ஊரார். பூசலார் வாயிலாக உண்மை உணர்ந்த மன்னன், அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கினான்.

பூவிருந்தவல்லிக்குத் தெற்கே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில் இவ்வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். அவருக்குப் பன்னெடுங்காலம் முன்னரே சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் பூசலாரை ஊரொடு சேர்த்துப் போற்றியுள்ளார்.

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் வடமொழிக் கல்வெட்டு ஒன்று, துஷ்யந்தன் முதலிய பண்டை மன்னர் வானொலி கேட்டதைக் கூறி, இக்கலியுகத்தில் இவ்வரசனும் அதனைக் கேட்டது பெருவியப்பு என்கிறது. இச்செய்தியைப் பூசலார் வரலாற்றோடு இயைத்துக் காடவர்கோன் இராசசிம்மனே எனக் கருதுவர் அறிஞர். கல்வெட்டில் பூசலார் பெயர் இல்லை. எனினும் புராணமும் கல்வெட்டும் அருகருகே நின்று ஒளிர்தல் காண்க.

அரசனது கற்றளியை இறைவன் ஒதுக்கினானல்லன். நாளை மட்டுமே மாற்றினான். பெருஞ்செல்வன் திருப்பணியும் அவனுக்கு உவப்பே. ஆயின் செல்வமற்ற அடியவர்க்கு முதலிடம் தந்தான். முடிமன்னனும் அம்முறைக்கு இசைந்து பணிந்தமையே அவன் திருப்பணிக்குப் பெருமை.

இன்று திருநின்றவூரில் இருதயாலீசர் கோயிலில் பூசலார் திருவுருவும் வழிபடப் பெறுகிறது. ஐப்பசி அனுடத்தில் அவர் குருபூசை. குடமுழுக்குக் காணும் அன்பர்கள், பொருள் ஈந்தோரும் ஈய இயலாது உள்ளத்தால் உருகி நிற்போரும் ஒருங்கே, அந்நாயனார் திருவடியை நினைந்து திருவருள் பெறுவார்களாக!