காவல் நாய்க்கு இடம் எது?



சந்திரகிரி என்ற பெயர் தமிழருக்குப் புதியதன்று. 1639ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட நிலம் பெற்றது, சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர மன்னர் காலத்திலேயாம். 1911 வரை இவ்வூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் உளது. மலையடியில் அரண்மனை நிற்கிறது. அப்பால் சேஷாசல மலைக்காடு தொடங்குகிறது.

அக்காட்டில் சிறுத்தைகள் உண்டு. ஆகவே மலையடிவார ஊர்களில் பொழுது சாய்ந்ததும் ஒரு வினா எழுதல் இயல்பு: பெரிய நாயைத் தொழுவத்தின் அருகே விடுவதா, வீட்டினுள் அழைத்துக்கொள்வதா? கட்டற்ற நாய் குரைத்து எச்சரிக்கும், ஆயினும் அதுவும் சிறுத்தைக்கு இரையாதல் கூடும். சங்கிலியிற் கட்டுண்ட நாயோ சிறுத்தைக்கு எளிய இரை. மும்பையிலும் தில்லியிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர்க்கும் இதே வினா வேறு உருவில் எழுகின்றது. நம் முன்னோர் இதற்கு என்ன விடை கண்டனர் என்று காண்போம்.

தமிழர் வாழ்வில் நாய்க்கு இருந்த இடம் பழமையானது. நாயின் குட்டியைக் குருளை என்று வழங்கும் மரபைத் தொல்காப்பியம் பதிவு செய்துள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுத்த கல் அது. அவனருகே நாயொன்றின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிலைத்திருப்பது வியப்பன்றோ!

மற்றொரு கல் கன்னட நாட்டு ஆதகூரில் எழுந்தது. 949ஆம் ஆண்டில் ஆர்க்காட்டுப் பகுதியின் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் போரில் வீழ்ந்தான். வென்றவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அப்போரில் வீரங் காட்டிய மணலேரன் என்பானை நோக்கி, வேண்டுவது கேள் என்றான் மன்னன். அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை! பின்னர் அந்நாய் ஒரு பெருங் காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. நாயின் நினைவாகக் கோயில் முன்பு கல் நட்டு, நிலமும் வழங்கினர். அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

கோவிவன் காவல் காத்தது மாடுகள் நின்ற இடத்தில். காளி உயிர்விட்டது வேட்டைக் களத்தில். இரண்டின் தொழிலும் வீட்டுக்கு வெளியே இருந்தது. ஆயினும் இரண்டும் கல்லில் இடம் பெற்றன. புறத்தே வாழ்ந்தமை புறக்கணிப்பின் அடையாளமன்று. அங்கே அவற்றுக்குத் தொழில் இருந்தது. பக்கத்தில் தலைவனும் இருந்தான்.

விஜயநகர ஆட்சிக் காலத்தில் தெலுங்கு நாட்டினின்று தெற்கே குடிபெயர்ந்தோருள் இராஜபாளையத்து ராஜுக்களும் அடங்குவர். அவ்வூரின் பெயரையே தாங்கிய வெண்ணிற நாய் பாளையக்காரர்களின் வேட்டைக்கும் காவலுக்கும் துணை நின்றது என்பது மரபு. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியனவும் தென்பாண்டிச் சீமையில் புகழ்பெற்றவை. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் இராஜபாளையமும் ஒன்றாயிற்று.

நம் பழைய கிராமத்து வீட்டில் திண்ணை, நடை, முற்றம், கொல்லை என்று இடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. தூய்மை பற்றிய வழக்கத்தால் நாய் அடுக்களைக்குள் வாராது. ஆனால் திண்ணையடியும் கொல்லையும் தொழுவமும் அதற்கு உரியவை. திண்ணையில் படுத்த பெரியவரின் காலடியில் அது படுத்திருக்கும். இஃது உள்ளுமன்று, முழுதும் புறமுமன்று.

நகரத்து வீட்டில் திண்ணை மறைந்தது. இரும்புக் கதவு வந்தது. வேட்டையும் மந்தையும் போயின. சங்கிலி மட்டும் எஞ்சியது. தொழிலும் துணையும் இழந்து நாள் முழுதும் கட்டுண்ட நாய் வெறிக்குணம் கொள்ளுதல் அதன் பிழையாகாது.

இக்கொடுமையைச் சட்டமும் உணர்ந்துள்ளது. பரதக் கலையை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனி மசோதா கொணர்ந்து விலங்குகளுக்காக வாதாடினார். அதன் பயனாக 1960இல் விலங்குவதைத் தடைச் சட்டம் பிறந்தது. மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்த நாய்க்கு உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதும் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமாம்.

இனி நம் வினாவுக்கு வருவோம். இராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை குறுமயிர் கொண்டவை, ஓடப் பிறந்தவை. தென்னாட்டு வெயிலை நிழலும் நீரும் இருப்பின் தாங்கும். தில்லியின் தை மாதத்து இரவில் அவற்றை மாடத்தில் விடுதல் தகாது. உள்ளேதான் இடம் தர வேண்டும். அடர்மயிர் கொண்ட பனிநாட்டு இனங்களுக்கோ சித்தூர்ச் சீமையின் கோடை வெயிலே பகை. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்க வல்லது என்பதை மறத்தலாகாது. உள்ளே வளர்ப்போர் காலையும் மாலையும் வெளியே நடத்திச் செல்லுதல் வேண்டும். புறத்தே வளர்ப்போர் நிழலும் கூரையும் அமைத்து, நாள்தோறும் அதனோடு பொழுது கழித்தல் வேண்டும். காட்டையடுத்த ஊர்களிலும், சிறுத்தைகள் உலவும் மும்பைப் புறநகரிலும், இரவில் அடைப்புள்ள இடமே தக்கது.

ஊர்விட்டு ஊர் வந்தோராகிய நமக்கு இது விளங்காததன்று. திண்ணையும் முற்றமும் இல்லாத வீட்டில் நாமும் வாழப் பழகினோம். துணையும் தொழிலும் இருந்தமையாலேயே அது இயன்றது. நாய் நம்மிடம் கேட்பதும் அவ்விரண்டே. அவற்றை அளிக்க இயலாதவர், எத்துணைப் பெரிய வீடு உடையவராயினும், பெரிய நாயை வாங்காதிருத்தலே அறம்.