சண்டைக்கு யார் பொறுப்பு? ஹார்மோனா, மூளையா?

காளையைக் காயடித்தால் சாதுவாகிவிடும் என்பது உழவர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த விஷயம். ஏன் அப்படி ஆகிறது என்று சோதனை செய்து பார்த்தவர் ஆர்னால்ட் பெர்த்தோல்ட். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1849-ல் அவர் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்கள்தான்.

அவர் எடுத்துக்கொண்டது ஆறு இளஞ்சேவல்கள். இரண்டின் விதைகளை முழுவதுமாக நீக்கினார். அவை ஒழுங்காகக் கூவவில்லை, சண்டைக்குப் போகவில்லை, கொண்டையும் வளரவில்லை. மற்ற நான்கின் வயிற்றுக்குள் ஒரு விதையை மட்டும் வைத்துத் தைத்தார். இரண்டுக்கு அதனதன் விதை. இரண்டுக்கு ஒன்றின் விதை மற்றொன்றுக்கு. இந்த நான்கும் வழக்கமான சேவல்களைப் போலவே கூவின, சண்டை போட்டன.

அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விதைக்கு நரம்புத் தொடர்பு இல்லை. ரத்தக் குழாய்கள் மட்டும் படர்ந்திருந்தன. அப்படியென்றால் ஏதோ ஒன்று ரத்தம் வழியாகத்தான் போகிறது! 'ஹார்மோன்' என்ற சொல்லே 1905-ல்தான் வந்தது. அந்த 'ஏதோ ஒன்று', அதாவது டெஸ்டோஸ்டிரோன், பிரித்தெடுக்கப்பட்டது 1935-ல்.

இன்னொரு பக்கம், சூரிச் நகரில் வால்டர் ஹெஸ் மூளையைத் துருவிக்கொண்டிருந்தார். விழித்திருக்கும் பூனையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் மெல்லிய கம்பி வழியாகச் சிறிது மின்சாரம் செலுத்தினார். அதுவரை சும்மா இருந்த பூனை மயிர் சிலிர்த்துச் சீறியது, பாய்ந்து அறைந்தது. 1949-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்டவர் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ். மனநோய்க்கு மூளை நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கியவர் இவர்.

கோபத்துக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்றால், அந்த இடத்தை அழித்துவிட்டால் கோபமும் போய்விடும் அல்லவா? 1960-களில் டோக்கியோவில் மூர்க்கமான நோயாளிகளுக்கு அமிக்டலா, ஹைப்போதலாமஸ் பகுதிகளில் இப்படி அறுவை செய்தார்கள். நம் சென்னையிலும் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம் ஆகிய நரம்பியல் அறுவை நிபுணர்கள் இதைச் செய்து, 1970-ல் கட்டுரைகள் வெளியிட்டனர். நோயாளிகளில் குழந்தைகளும் இருந்தனர். பலர் அமைதியானதாக மருத்துவர்கள் எழுதினர். ஆனால் தன் மூளையைத் தொடச் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவருக்கு இதைச் செய்யலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. இத்தகைய அறுவைகளும் வெகுவாகக் குறைந்தன.

இதற்கிடையே ஜான் விங்ஃபீல்ட் என்ற ஆய்வாளர், ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து காட்டுப் பறவைகளின் ரத்தத்தைச் சோதித்தார். 1990-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் சொன்னது பலரை யோசிக்க வைத்தது. ஹார்மோன் கூடினால் சண்டை வருகிறது என்பது பாதிக் கதைதான். எதிரி எல்லைக்குள் நுழைந்தால் ஹார்மோன் கூடுகிறது. குஞ்சுக்கு இரை ஊட்டும் காலத்தில் தந்தைப் பறவைக்கு அது இறங்கிவிடுகிறது. அதாவது சண்டையும் ஹார்மோனை மாற்றுகிறது.

2011-ல் கால்டெக் நிறுவனத்தில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஆய்வு மூளைப் பக்கத்தைத் தெளிவாக்கியது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக அங்கே சேர்ந்த டாயு லின்னும் குழுவினரும், ஆண் எலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதியை ஒளியால் தூண்டினர். எலி உடனே தாக்கியது. பெண் எலியை மட்டுமல்ல, வெறும் கையுறையைக்கூட விடவில்லை! ஆனால் இணை சேரும்போது, சண்டைக்கான செல்கள் பலவும் அடங்கிப்போயின. அப்போது தூண்டினாலும் எலி எளிதில் தாக்கவில்லை.

2014-ல் அதே ஆய்வுக்கூடம் இன்னொன்றையும் காட்டியது. அந்தச் செல்களில் முக்கியமானவை ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகளைக் கொண்டவை. 'பெண் ஹார்மோன்' என்று நாம் சொல்லும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். ஆணின் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி மூளைக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறியே வேலை செய்கிறது.

ஹார்மோன் மூளையைத் தயார்நிலையில் வைக்கிறது. எதிரே நிற்பது எதிரியா, இணையா, பசித்த குஞ்சா என்று பார்த்து மூளை முடிவெடுக்கிறது. அந்த முடிவு மறுபடி ஹார்மோனை மாற்றுகிறது. இந்தச் சுற்றில் ஏதோ ஒன்றை மட்டும் குற்றவாளி என்று பிடித்து வெட்டியெறிந்தது ஒரு காலம். இன்றும் ஒருவன் கோபப்பட்டால் "எல்லாம் ஹார்மோன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எதிரே யார் நின்றது என்றும் கேட்கலாமே!